படகுக்கார அக்கா யாரையும் நம்பியதில்லை

மேட்டூர் அணைத் தண்ணீர் வந்து முட்டி நிற்கும் நாகமரைத் துறையில், மீனவர் சங்கக் கொட்டகையில் மீன் எடை போடும் வேலையில் சில வருடம் இருந்தேன். என் தராசை ஒரு நாள்கூட நம்பாதவள் படகுக்கார அக்கா. அக்கரைப் பண்ணவாடிக்கு ஆள் ஏற்றிப் போகிற படகு அவளுடையது. திரும்பும்போது அந்தப் பக்கத்து மீன் பெட்டிகளையும் கொண்டுவந்து இறக்குவாள். பெட்டியைத் தட்டில் வைப்பதற்கு முன்னால் அவளே ஒரு முறை தட்டில் ஏறி நிற்பாள். நேற்றுக் காட்டிய எடையையே இன்றைக்கும் காட்டினால் தராசு யோக்கியம். கூடக் குறையக் காட்டினால் நான் அயோக்கியன்.

ஒரு நாள் கூடக் காட்டியது. முந்தின நாள் மாரியம்மன் பண்டிகையில் கிடாக்கறி சாப்பிட்டதை நினைவுபடுத்தினேன். “அதெல்லாம் காலையிலயே வெளிய போயிருச்சு தம்பி, தராசைப் பாரு” என்றாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் மீனைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. புடவைக்கு மேல் புருசனின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு படகின் பின்பலகையில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குப் பக்கத்தில் அந்தப் பழைய இன்ஜின் தொங்கும். கடலூர்ப் பக்கம் கடலில் ஓடி ஓய்ந்ததை வாங்கி வந்தது. புதுசு மாதிரி இருக்கும் என்று விற்றவன் சொன்னானாம். “புதுசு மாதிரின்னா பழசுன்னுதான அர்த்தம்? அத நேரா சொல்ல வலிக்குதா” என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினாளாம்.

அந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓடுகிற இன்ஜின் சூடாகும். படகு இன்ஜினை ஆற்றுவது அது நிற்கிற தண்ணீரேதான். அடியில் இருக்கும் சல்லடை வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். அங்கே இதழ் இதழாக இருக்கிற ஒரு ரப்பர் சக்கரம் சுற்றிச் சுற்றி அதை மேலே தள்ளும். சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர் பெரும்பாலும் புகையோடு சேர்ந்து கீழே போய்விடும். கொஞ்சம் மட்டும் பின்பக்கத்து ஓட்டை வழியாக மெல்லிய தாரையாகப் பீச்சும். தாரை விழுந்தால் இன்ஜின் நலம். நின்றால் உடனே அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே எல்லாம் வெந்து இறுகிவிடும். இந்தத் தாரைக்கு மெக்கானிக்குகள் ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தார்கள். துறையில் ஒரே பெயர்தான்: இன்ஜின் ஒண்ணுக்குப் போகிறது.

கயிற்றை இழுத்து இன்ஜினைக் கிளப்பிவிட்டு, பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் அக்கா உரக்கக் கேட்பாள். பழகியவர்கள் எட்டிப் பார்த்து, போவுதுக்கா என்பார்கள். ஒரு முகூர்த்த நாளில் பட்டு வேட்டியும் மாலையுமாகப் புது மாப்பிள்ளை ஒருவர் பெண் வீட்டாரோடு ஏறி, தெரியாமல் பின்னால் உட்கார்ந்துவிட்டார். “ஒண்ணுக்குப் போவுதுங்களா?” என்று அக்கா கேட்டாள். மாப்பிள்ளை முகம் சிவந்து, “இல்லீங்க, மண்டபத்துலயே போயிட்டுதான் வந்தன்” என்றார். மாமனார் தண்ணீரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அக்கா சிரிக்கவில்லை. அவர் தோளுக்கு மேல் எட்டித் தாரையைப் பார்த்துவிட்டுத்தான் படகை எடுத்தாள். மாப்பிள்ளை வார்த்தையும் நம்பத் தகுந்ததில்லை.

தாரையையே முழுதாக நம்பினாள் என்றும் சொல்ல முடியாது. உள்ளங்கையை நீட்டி அதை ஏந்துவாள். பச்சைத்தண்ணீராக வருகிறதா, வெதுவெதுப்பாக வருகிறதா, கொதிக்கிறதா என்று பார்ப்பாள். சில நாள் மோந்தும் பார்ப்பாள். புதிதாக ஏறியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு தடவை தாரை கை வைக்க முடியாத சூட்டில் வந்தது. மேட்டூரிலிருந்து வந்திருந்த மெக்கானிக் பார்த்துவிட்டு, தண்ணி வருதில்ல, அப்புறம் என்ன என்றார். இன்ஜின் தலையில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு உண்டு. சூடானால் திறந்து தண்ணீரை விட வேண்டும். அது நன்றாக இருக்கிறதா என்று அக்கா கேட்டாள். நன்றாக இருக்கிறது, நானே பார்த்தேன் என்றார் அவர். அவர் பார்த்ததை இவள் பார்க்கவில்லையே. அங்கேயே அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு கரையிலிருந்த டீக்கடைக்கு நடந்தாள். டீக்கடை அவள் புருசனுடையது. கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர்ப் பாத்திரத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டாள். கடை யாவாரத்தைக் கெடுக்காதே என்று அவர் கெஞ்சினார். டீ குடிக்க வந்தவர்கள் எல்லாரும் பாத்திரத்தைச் சுற்றி நின்றோம். வால்வு நகக்கண் அளவு திறந்து அதோடு நின்றுவிட்டது. அக்கா அதைத் தூக்கி மெக்கானிக் கையில் போட்டாள். சூடு தாங்காமல் அவர் கீழே போட்டார். “இப்ப நம்பறியா?” என்றாள்.

அந்தத் தண்ணீரிலேயே அடுத்த டீ போடப்பட்டதா என்பதில் துறையில் ரொம்ப நாள் சண்டை இருந்தது. நான் அன்றைக்குக் காபிதான் குடித்தேன் என்று நிம்மதியாக இருந்தேன். காபிக்கும் அதே பாத்திரம்தான் என்பது பல மாதம் கழித்துத்தான் உறைத்தது.

இன்னொரு முறை, படகில் வருகிறவர்களுக்கு மாட்டிவிடச் சொல்லி ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார் ஓர் அதிகாரி. இதைப் போட்டிருந்தால் யாரும் முழுகமாட்டார்கள் என்று விளக்கினார். அக்கா மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒரு சட்டையை அவரிடமே நீட்டினாள். “நீங்க போட்டுக்கிட்டுக் குதிங்க, நான் பாக்கறன்” என்றாள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் அவருடைய டிரைவர் குதித்தார். மிதந்தார். சட்டையை அக்கா நம்பினாள். குதிக்காத அதிகாரியைத் தன் படகில் கடைசிவரை ஏற்றவில்லை.

சாமியும் தப்பவில்லை. துறைக்காரர்கள் வேன் பிடித்துத் தீர்த்தமலைக்குப் போனபோது நானும் போயிருந்தேன். பாறையிலிருந்து தீர்த்தம் விழுகிற இடத்தில் எல்லாரும் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் பக்கவாட்டில் போய்ப் பாறை இடுக்கில் கையை விட்டுத் துழாவினாள். என்னம்மா தேடறீங்க என்று பூசாரி கேட்டார். பைப்பு இருக்குதான்னு பாக்கறன் என்றாள். பைப்பு இல்லை. அதற்கப்புறம்தான் நனைந்தாள், அதுவும் எங்கள் எல்லாரையும்விட அதிக நேரம். இறங்கி வரும்போது, நல்ல தண்ணிதான், வெயில் காலத்துலயும் இப்படி வருதான்னு இன்னொரு தடவ வந்து பாக்கணும் என்றாள்.

புருசன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் தர்மபுரிப் பக்கத்து இண்டூர்க்காரர். மேட்டுக்காட்டில் விவசாயம் பார்த்த குடும்பம். கிணற்றைத் தவிர வேறு தண்ணீரோடு பழக்கமில்லாதவர். கல்யாணம் ஆகித் துறைக்கு வந்தும் ஒரு நாள்கூடப் படகில் கால் வைத்ததில்லை. அலையைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும். அதனால்தான் தன் அப்பா விட்டுப்போன படகை அக்கா எடுத்துக்கொண்டாள், அவர் கரையில் டீ ஆற்றினார். இதில் இருவருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் நம்புவது வேறு. அந்த மனிதருக்கு வராத நோய் இல்லை. மச்சான்மார் வீட்டு விசேஷம் என்றால் முதுகு பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் கேனைத் தூக்க வேண்டிய நாளில் கை மரத்துப்போகும். விறகு பிளக்கச் சொன்னால் நெஞ்சு அடைக்கும். அந்த வேலையை வேறு யாராவது செய்து முடித்ததும் நோய் போய்விடும். பொழுதுக்கும் அவரைப் பார்க்கிற எங்களுக்கே சிரிப்புத்தான் வரும். ஆகவே அந்த ஆடி மாதத்தில் அவர் நெஞ்சு வலிக்கிறது என்றபோது அக்கா ஒரு கோலி சோடாவை உடைத்துக் கொடுத்தாள். மறுநாளும் வலிக்கிறது என்றார். இன்னொரு சோடா கொடுத்தாள். நானும் அங்கேதான் நின்றேன். சோடா நல்லது என்று நானும் சொன்னேன்.

அதற்கடுத்த நாள் முற்பகல். அக்கா அக்கரையிலிருந்து வந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாள். டீக்கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. அவர் அதை இறக்காமல் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாலை வழிய விடுகிற ஆள் இல்லை அவர். அக்கா பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். நெற்றியைத் தொட்டாள். சட்டைக்குள் கையை விட்டு முதுகைத் தடவினாள். கை ஈரமாக வெளியே வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, “பொய்க்கு இப்படி வேர்க்காது” என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை.

ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன். எங்கள் பக்கத்து வண்டி வேறொரு கேஸை ஏற்றிக்கொண்டு தர்மபுரி போயிருந்தது. திரும்பி வர நேரமாகும், கொளத்தூர் வண்டியைப் பண்ணவாடிக் கரைக்கு அனுப்பினால் அக்கரைக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றேன். அன்றைக்கு அடித்த காற்றில் முடியுமா என்று யோசித்துச் சொல்லவில்லை.

நான்கு பேராகத் தூக்கிப் படகில் கிடத்தினோம். பிறந்ததிலிருந்து படகு ஏறாத மனிதர் தண்ணீரைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வூட்டுலயே போட்டுடுங்க, செத்தாலும் தரையில சாவறன் என்றார். “வாய மூடுய்யா” என்றாள் அக்கா. தலையைப் பின்பக்கம், இன்ஜினுக்குக் கிட்டத்தில் வைத்து அவரைப் படுக்கவைத்தாள். துணைக்கு நான் ஏறினேன். அன்றைக்கு அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கையை நீட்டித் தாரையை ஏந்திப் பார்க்கவும் இல்லை.

ஆடிக் காற்று நேராக முகத்தில் அடித்தது. அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நடுத்தண்ணீருக்கு வந்திருப்போம், பெயிண்டு கருகுகிற நாற்றம் வந்தது. அக்கா திரும்பிப் பார்த்தாள். தாரை சொட்டுச் சொட்டாக விழுந்து, நாங்கள் பார்க்கும்போதே நின்றது. உடனே இன்ஜினை அணைத்தாள். காற்றின் சத்தம் மட்டும் இருந்தது. படகு பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது.

மெல்லிய கம்பியை எடுத்து ஓட்டையில் விட்டுக் குத்தினாள். சேறு அடைத்திருந்தால் அதில் போய்விடும். கிளப்பினாள், தாரை வரவில்லை. அணைத்துவிட்டு இன்ஜினைத் தூக்கிச் சாய்த்தாள். சில சமயம் பிளாஸ்டிக் பை சல்லடையைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீருக்கு மேல் உடம்பை நீட்டிச் சல்லடையைத் தடவினாள். சுத்தமாக இருந்தது. கீழே கிடந்தவர் கண்ணைத் திறக்காமலே, “ரப்பரு போயிருச்சுடி” என்றார்.

“நீ பேசாம படு.”

மூடியைத் திறந்து, ஸ்பேனரால் தெர்மோஸ்டாட்டைக் கழற்ற ஆரம்பித்தாள். அது இல்லாமலும் இன்ஜின் ஓடும், அடைப்பு அங்கே என்றால் தண்ணீர் வந்துவிடும். இன்ஜின் தலை கொதித்தது. தலைத்துண்டைச் சுற்றிப் பிடித்தும் உள்ளங்கை வெந்தது. முகத்தைச் சுளிக்காமல் கழற்றி எடுத்துப் பலகையில் வைத்துவிட்டு, மூடியை மாட்டிக் கிளப்பினாள். ஒரு வாய் தண்ணீர் துப்பிவிட்டுத் தாரை மறுபடி நின்றது. அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சந்தேகப்பட அவளிடம் வேறு எதுவும் மிச்சம் இல்லை.

அவர் மறுபடி சொன்னார். மூச்சு வாங்கியபடி, விட்டுவிட்டுச் சொன்னார். தண்ணீர் கலந்து புகை போனால் கொளகொளவென்று கேட்குமாம். முந்தாநாளிலிருந்து அந்தச் சத்தம் காய்ந்துபோய்க் கேட்டதாம். போன தடவை ரப்பர் சக்கரம் தேய்ந்தபோதும் இதே சத்தம்தானாம்.

“கரையில இருந்துக்கிட்டு உனக்கு எப்படித் தெரியும்?”

“நீ கௌம்புனா திரும்பி வர்ற வரைக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பன்” என்றார். “வேற என்ன பண்ணச் சொல்ற? நீ தண்ணியில இருக்கற.”

அக்கா அவரையே பார்த்தாள். கேட்டுக்கொண்டிருந்தாரா என்பதைத் தொட்டோ மோந்தோ பார்க்க வழியில்லை.

ரப்பர் சக்கரம் இன்ஜினின் அடிவயிற்றில் இருக்கிறது. நடுத்தண்ணீரில் கழற்ற முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஓட்ட வேண்டும். மெதுவாக ஓட்டி, சூடு ஏறுவதற்குள் அணைத்து, ஆறும்வரை துடுப்புப் போட வேண்டும். எதிர்க்காற்றில் இன்ஜின் ஓடும்போதும் துடுப்பை விட முடியாது, துடுப்புப் போட்டுக்கொண்டே இன்ஜினைத் தொட்டுச் சூடு பார்க்கவும் முடியாது. நான் துடுப்பைப் பிடித்த லட்சணத்துக்குப் படகு வட்டம்தான் போட்டது. ஆகவே அக்காவும் விட முடியாது. அவள் தன் துடுப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, அவர் பக்கம் குனிந்து, “சத்தம் மாறுனா சொல்லு” என்றாள்.

அப்படித்தான் போனோம். இன்ஜின் முனகிக்கொண்டு ஓடும். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே கிடப்பார். நிறுத்து என்பார். அக்கா கையை எட்டி அணைப்பாள். இன்ஜின் தலையை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. ஆற விட்டு நாங்கள் இழுப்போம். இப்ப ஓட்டு என்பார், கிளப்புவாள். ஒரு தடவை அவர் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா துடுப்பை நிறுத்திவிட்டாள். “யோவ்” என்றாள். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். “கத்தாதடி, இன்ஜின் சத்தம் கேக்கமாட்டேங்குது” என்றார் அவர். நான் தலையைக் குனிந்துகொண்டு இழுத்தேன். இன்ஜினுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அன்றைக்கு அந்தக் காற்று எங்களைத் திரும்ப நாகமரைக்கே தள்ளியிருக்கும், அவர் உயிர் இல்லாமல்.

பண்ணவாடிக் கரையில் வண்டி நின்றது. முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து அவரை வாங்கிக்கொண்டார்கள். அக்கா படகைக்கூடக் கட்டாமல் வண்டியில் ஏறிவிட்டாள். அங்கிருந்து மேட்டூர், மேட்டூரிலிருந்து சேலம். ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள், உடனே கம்பி வைத்துத் திறந்தார்கள். அடைப்பு இருந்த படத்தை டாக்டர் காட்டியதும், திறந்த பிறகு எடுத்த படத்தையும் காட்டச் சொன்னாளாம் அக்கா. அதையும் காட்டினாராம். இப்ப நல்லா போவுதுங்களா என்று திரையில் விரல் வைத்துக் கேட்டாளாம்.

இதற்கிடையில் நானும் பண்ணவாடி மீன்காரர் ஒருவரும் இன்ஜினின் அடிப்பாகத்தைக் கழற்றினோம். ரப்பர் சக்கரத்தில் இதழ்கள் பிய்ந்து, மொட்டையாக இருந்தது. பிய்ந்த துண்டுகள் தண்ணீர் ஏறுகிற குழாயை அடைத்திருந்தன. வாயால் சொன்னால் நம்பமாட்டாள் என்று அதை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு சேலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மத்தியானம், பார்வையாளர் நேரம். அவர் கட்டிலில் கிடந்தார். அக்கா அதே சட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வலக்கையில் கட்டுப் போட்டிருந்தது. ரப்பர் சக்கரத்தை இடக்கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது நம்ம இன்ஜின்ல இருந்ததுதானா?”

தாயாணை என்றேன். அதற்கும் சக்கரத்தை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, “ஒரு தடவ சரியா சொல்லிட்டாரு. அதுக்காவ இனிமே சொல்றத எல்லாம் நம்ப முடியுமா தம்பி?” என்றாள். சிரிப்பு வரவழைத்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் சிரிப்பு முகத்தில் தங்கவில்லை. பையின் வாயை முறுக்கிக்கொண்டே, “வலிக்குதுன்னு ரெண்டு நாளா சொன்னாரு. சோடா வாங்கிக் குடுத்தன்” என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் எப்போதும் பேசியதில்லை. நானும் பேச்சை எடுத்ததில்லை.

நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, மாத்திரை போட்டிருக்கிறது, நன்றாகத் தூங்குகிறார், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அக்கா பணிவாகத் தலையாட்டினாள். அந்தம்மா அடுத்த கட்டிலுக்கு நகரும்வரை காத்திருந்தாள். பிறகு கட்டுப் போடாத கையை நீட்டி அவர் மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

“இருக்கறன்டி” என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

“அத நீ சொன்னா ஆச்சா? பேசாம மூச்சு வுடு” என்றாள் அக்கா. கையை எடுக்கவில்லை.